மோட்டார் ரூமுக்குப் பின்னால்

“ஒண்ணே ஒண்ணு மாப்ளே. கமிட்டிகிட்ட எதுவும் கேக்கக் கூடாது.”

“எதுவுமா மச்சான்?”

“எதுவும். பந்து, வலை, ஜெர்சி, ஒண்ணும் கேக்காதீங்க. போன கோச் ஏன் போனாரு? தோத்தாருன்னா? தோக்காத கோச் யாரு இருக்கா? மீட்டிங்குக்கு மீட்டிங் அது இல்ல இது இல்லன்னு வந்து நின்னாரு, கடுப்பாயிட்டாங்க. இப்ப நான் என் தங்கச்சி புருஷனைக் கொண்டு வந்து வைக்கறேன். நீங்க ஒரு விசில் கேட்டாக்கூட, செயலாளர் சொந்தக்காரனுக்கு அள்ளி விடறான்னுதான் பேச்சு வரும்.”

“சரி மச்சான். கேக்கல.”

“வாக்கா?”

“அதான் சொல்லிட்டேனே.”

சில வருஷங்களுக்கு முன்னால், அவர்கள் வீட்டுச் சமையலறை மேசையில் நடந்த பேச்சு இது. அப்போது அவள் இருவருக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு அடுப்பில் முட்டை பொரித்துக்கொண்டிருந்தாள். புருஷன் டயர் கடையில் பஞ்சர் ஒட்டுகிறவர் மட்டுமல்ல, இனி ஊர் கிளப்பின் கோச்சும்கூட என்ற சந்தோஷத்தில் ஒரு முட்டையைக் கருக விட்டுவிட்டாள். நல்லதை அண்ணனுக்கு வைத்து, கருகினதைத் தன் தட்டில் போட்டுக்கொள்ள நினைத்தாள். அதற்குள் கோச் கையை நீட்டி அதை எடுத்துக்கொண்டார். ஒரு வார்த்தை சொல்லாமல் தின்று முடித்தார்.

பிற்பாடு அந்த முட்டை அவளுக்கு அடிக்கடி நினைவுக்கு வந்தது. கருகினதைக் கருகினது என்று சொல்லாத மனுஷன். அவரிடம் போய் அண்ணன் வாக்கு வாங்கியிருக்க வேண்டாம்.

*

மைதானம் பஸ் டிப்போவுக்குப் பின்னால் இருந்தது. ஒரு பாதியில் புல், மறு பாதியில் மண். மழை பெய்தால் மண் பாதியில் பந்து உருளாது, உட்கார்ந்துகொள்ளும். ஒரு பக்கம் ஐந்து வரிசைப் படிக்கட்டு. எதிர்ப்பக்கம் தண்ணீர் இறைக்கிற மோட்டார் ரூம். ஆடுகிறவர்கள் எல்லாரும் வேலைக்குப் போகிறவர்கள். கோல் கீப்பர் தண்ணீர் லாரி ஓட்டினான். அதனால் ‘தண்ணி வண்டி’ என்று பெயர். வாழ்நாளில் ஒரு சொட்டு குடிக்காதவன், அந்தப் பெயரால் இரண்டு இடத்தில் பெண் கொடுக்க மறுத்துவிட்டார்கள். கோல் போடுகிறவன் ‘பேக்கரி’. விடியற்காலையில் மாவு பிசைந்துவிட்டுச் சாயங்காலம் பந்து உதைக்க வருவான். பின்வரிசையில் நிற்கும் ‘பெரியப்பா’தான் டீமில் மூத்தவன், முப்பத்து நான்கு வயதுக்கே அந்தப் பட்டம்.

கிளப் ஜெர்சி கொடுக்கும், பூட்ஸ் கொடுக்காது. பூட்ஸை அவரவர் கொண்டுவர வேண்டும் என்பது பழைய ஏற்பாடு. கோச் பொறுப்பேற்ற வருஷம் எல்லாரும் கொண்டுவந்தார்கள். அடுத்த வருஷம் பாதி கிழிந்தது. கிழிந்ததை அவர் டயர் கடைக்கு எடுத்துப்போய், ட்யூப் ரப்பரை வெட்டி, சொல்யூஷன் தடவி, கிளாம்பில் இறுக்கி ஒட்டினார். ஒட்டியதும் ஒருநாள் கிழிந்தது. இந்த வருஷம் களத்தில் இறங்குகிற பதினோரு பேருக்குப் பூட்ஸ் இருந்தது; வெளியே உட்கார்ந்திருக்கிறவர்களுக்கு இல்லை. உதிரியாக ஒரே ஒரு ஜோடி, பெரிய அளவு.

அதனால் ஆள் மாற்றுவதென்றால் முதலில் காலைப் பார்க்க வேண்டும். வெளியே வருகிறவன் மோட்டார் ரூமுக்குப் பின்னால் ஓடுவான். உள்ளே போகிறவன் அங்கே காத்திருப்பான். ஒருவன் கழற்ற, மற்றவன் மாட்ட, கோச் குனிந்து லேஸ் கட்டிவிடுவார். படிக்கட்டில் உட்கார்ந்திருக்கிறவர்களுக்கு இதெல்லாம் தெரியாது. கோச் அங்கே நின்று ஏதோ பெரிய வியூகம் சொல்லிக்கொடுக்கிறார் என்று நினைத்தார்கள்.

“சட்டுனு அனுப்புய்யா. பரீட்சைக்கா அனுப்பற?” என்று கத்துவார்கள்.

அவருக்கு ‘லேட்டு’ என்றே பெயர் வந்துவிட்டது. மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் ‘லேட்டு பொண்ணு’. அவள் எத்தனை சீக்கிரம் போனாலும் அந்தப் பெயர் மாறவில்லை.

இத்தனைக்கும் போன வருஷம் வரை ஒவ்வொரு வருஷமும் டீம் லீக் பட்டியலில் நடு இடத்தில் நின்றது. சொந்த பஸ்ஸும், காலுக்கு மருந்து தடவத் தனி ஆளும் வைத்திருக்கிற தொழிற்சாலை டீம்களோடு ஆடி, நடுவில் நின்றது. நடுவில் நிற்பது ஊரில் யாருக்கும் செய்தியாகப் படவில்லை.

*

இந்த வருஷக் கடைசி ஆட்டத்துக்கு முந்தின வாரம் முழுக்க மழை. கோச்சின் மனைவி வேலை பார்த்தது ஓட்டல் படுக்கை விரிப்புகளை வெளுக்கிற சலவைக் கூடத்தில். ஆள் உயர மிஷின்கள், ஈரமும் சோப்பும் கலந்த ஆவி, எந்நேரமும் தண்ணீர் சொட்டுகிற தரை. கிளப் ஜெர்சிகளை அங்கேதான் கடைசி லோடுடன் போட்டு எடுத்துவருவாள். சூப்பர்வைசரம்மா கண்டும் காணாமல் விடுவார்.

உதிரி ஜோடி மட்டும் வீட்டில் காயவே இல்லை. உள்ளே நியூஸ்பேப்பரைத் திணித்துப் பார்த்தாள். பேப்பர்தான் நனைந்தது. ஆட்டத்தன்று காலை கோச்சுக்குத் தெரியாமல் அதைப் பையில் போட்டுக்கொண்டு போய், காய வைக்கிற மிஷினில் சின்னச் சூட்டில் போட்டாள். அடுத்து வந்தவள் விரிப்புக்கென்று சூட்டைக் கூட்டியிருக்கிறாள். திறந்து பார்த்தபோது சொல்யூஷன் இளகி, அடிப்பகுதி தனியாகவும் மேல்பகுதி தனியாகவும் கிடந்தன.

அவள் மதியம் அதை அப்படியே மைதானத்துக்கு எடுத்துப்போனாள். கோச் வாங்கிப் பார்த்தார். விரலால் ஓரத்தை அழுத்திப் பார்த்தார்.

“ஒட்டிடலாமா?” என்றாள்.

“ஒரு ராத்திரி கிளாம்ப்ல இருக்கணும்.” பிறகு அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, “பரவால்ல விடு. இன்னிக்கு யாருக்கும் அடிபடாது” என்றார்.

அடிபட்டது. தோற்றால் கீழ்ப் பிரிவுக்கு இறங்க வேண்டும், சமன் செய்தால் போதும். இரண்டு பக்கமும் கோல் இல்லாமல் இரண்டாம் பாதி போய்க்கொண்டிருந்தபோது பெரியப்பா முழங்காலைப் பிடித்துக்கொண்டு விழுந்தான். பின்வரிசைக்கு மாற்று ஆள் வெளியே இருந்தான்: ‘தூண்’. ஆளும் தூண், பாதமும் தூண். பெரியப்பாவின் பூட்ஸில் அவன் விரல்கூட நுழையாது. வெளியே இருந்த மற்றவர்களுக்கும் அது சேராது. அந்த உதிரி ஜோடி இருந்திருந்தால் அவனுக்குச் சரியாக இருந்திருக்கும். களத்தில் அவன் அளவுக்குக் கால் இருந்தது பேக்கரிக்கு மட்டும். பூட்ஸ் இல்லாமல் ரெஃபரி விடமாட்டார்.

கோச் பேக்கரியை வெளியே கூப்பிட்டார். அவன் பூட்ஸைத் தூணுக்கு மாட்டிப் பின்வரிசைக்கு அனுப்பினார். நொண்டிக்கொண்டிருந்த பெரியப்பாவை முன்னால் போய்ச் சும்மா நில் என்றார். கோல் போடுகிறவனை எடுத்துவிட்டு நொண்டியை முன்னால் நிறுத்திய கோச்சை ஊர் அன்றைக்குத்தான் பார்த்தது. படிக்கட்டில் யாரும் கத்தவில்லை. சிரித்தார்கள். முன்வரிசையில் தொல்லை இல்லாததால் எதிர் டீம் மொத்தமும் ஏறி வந்தது. முடிவதற்குக் கொஞ்சம் முன்னால் ஒரு கோல் விழுந்தது.

*

கோச்சை வைத்துக்கொள்வதா வேண்டாமா என்று முடிவுசெய்ய ஞாயிற்றுக்கிழமை காலை கமிட்டி கூடுவதாக ஏற்பாடு. சனிக்கிழமை சாயங்காலம் கோச் பின்கட்டில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து அதே உதிரி ஜோடியை ஒட்டிக்கொண்டிருந்தார். மழை விட்டும் தகரக் கூரையிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. சுவரோரம் மற்ற பூட்ஸ்கள் நியூஸ்பேப்பர் மேல் வரிசையாக இருந்தன.

“ஆட்டமே முடிஞ்சு போச்சு. இப்ப எதுக்குங்க இதை ஒட்டறீங்க?” என்றாள்.

“பிரிஞ்சு கிடக்குதே.”

அவள் வெங்காயம் நறுக்கிய கையைத் துடைத்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்தாள்.

“நான் அண்ணன்கிட்ட சொல்றேன். என்னாலதான் ஆச்சுன்னு.”

“என்னன்னு சொல்லுவ? சலவைக் கூடத்து மிஷின்ல பூட்ஸைப் போட்டேன்னா? உன் வேலையும் போகும். ஒரு வீட்ல ஒருத்தருக்கு வேலை போனா போதும்.”

“கிண்டலா?”

“இல்ல, கணக்கு.”

“மிஷினைச் சொல்ல வேணாம். பூட்ஸ் இல்லன்னு மட்டும் சொல்றேன்.”

“அது கேக்கறதுதான். வேற மாதிரி கேக்கறது. வாக்குக் குடுத்திருக்கேன்.”

“என்ன பெரிய வாக்கு. கல்யாணத்தன்னிக்கு எனக்குக்கூட ஒரு வாக்குக் குடுத்தீங்க. மாசம் ஒரு தடவை வெளிய கூட்டிட்டுப் போறேன்னு.”

“கூட்டிட்டுத்தானே போறேன்.”

“மேட்சுக்கு. வெளியூர் மேட்சுக்கு. ஜெர்சி மூட்டையைப் பிடிச்சுக்க ஆள் வேணும்னு.”

அவர் சிரித்தார். சிரித்தபடியே கிளாம்பை இறுக்கினார். அவளுக்கு அழுகை வந்தது.

மகள் உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள். “அம்மா, லேட்டு அழ விட்டுட்டாரா?”

“வாயை மூடுடி.”

“அப்பா, தண்ணி வண்டி மாமா வந்திருக்காரு.”

கோல் கீப்பர் லாரியைத் தெருமுனையில் நிறுத்திவிட்டு நடந்து வந்திருந்தான். சட்டையெல்லாம் ஈரம். உட்காரச் சொன்னதற்கு, ஸ்டூல் நனையும் என்று நின்றுகொண்டான். அவள் டீயும் பன்னும் கொடுத்தாள்.

“கோச், பசங்க எல்லாரும் பேசிட்டோம். நாளைக்குக் கமிட்டி ரூமுக்குப் போறோம். நடந்ததை நடந்தபடி சொல்லப் போறோம்.”

“எதை?”

“மோட்டார் ரூம் சமாச்சாரத்தை. பேக்கரி ரெண்டு நாளா மாவே ஒழுங்காப் பிசையலையாம். முதலாளி திட்டறாரு. என் பூட்ஸாலதான் கோச்சுக்கு வேலை போகுதுங்கறான்.”

“அவன் பூட்ஸ் நல்ல பூட்ஸ். அதான் மிச்சமிருக்கறதுலயே நல்லது.”

“கோச், விளையாடாதீங்க.”

“நான் விளையாடல. நீங்க போய்ச் சொன்னா என்ன நடக்கும்? புது பூட்ஸ் வாங்க முடியாதவன்லாம் எதுக்கு டீம்லன்னு கேப்பாங்க. வாங்க முடியறவன் யாரு? டிப்போ மேனேஜர் பையன். மெடிக்கல் ஷாப்காரர் பையன். அவங்களை எடுப்பாங்க. உன்னையும் பேக்கரியையும் படிக்கட்டுல உக்கார வைப்பாங்க. பேசாம இருங்க.”

கோல் கீப்பர் பன்னைக் கையிலேயே வைத்திருந்தான். எந்தப் பக்கம் போனாலும் ஒரு சுவர் இருந்தது. எல்லாச் சுவர்களையும் அவர் முன்னாடியே போய்த் தொட்டுப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார் என்று அவளுக்குப் புரிந்தது.

“பன்னைத் தின்னுப்பா. ஊறிடப் போகுது” என்றாள்.

*

ஞாயிற்றுக்கிழமை மதியம் அண்ணன் வந்தார். பெயிண்ட் கடை வைத்திருக்கிறவர். விரல் நகங்களில் எப்போதும் ஏதாவது ஒரு நிறம் இருக்கும். அன்றைக்கு நீலம். வாசலில் செருப்பைக் கழற்ற வழக்கத்தைவிட அதிக நேரம் எடுத்துக்கொண்டார். அதிலேயே அவளுக்கு முடிவு தெரிந்துவிட்டது.

“சாப்பிடறியாண்ணா?”

“இல்லம்மா. வயிறு சரியில்ல.”

மேசையில் அதே நாற்காலியில் உட்கார்ந்தார். கோச் எதிரே உட்கார்ந்தார். மகள் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, போகாமல் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“மாப்ளே, நான் எவ்வளவோ பேசிப் பாத்தேன்.”

“தெரியும் மச்சான்.”

“அந்த ஒரு மேட்ச் இல்லன்னா காப்பாத்தியிருப்பேன். எல்லாரும் அதையே பிடிச்சுக்கிட்டாங்க. பேக்கரியை எடுத்ததுக்கு ஒரு காரணம் சொல்லுங்கன்னாங்க. நான் என்னன்னு சொல்றது? எனக்கே தெரியல. உங்களுக்குத் தெரியுமா?”

கோச் தண்ணீரைக் குடித்தார்.

“மாமா,” என்றாள் மகள், “தொழிற்சாலை டீம் கோச்சுக்கு என்னவெல்லாம் இருக்குன்னு பாத்தாங்களா? அவங்க பஸ்ல வராங்க. நம்ம டீம் தண்ணி லாரில வருது. போன வருஷம் அவங்களுக்கும் நமக்கும் ரெண்டே இடம்தான் வித்தியாசம். அதை யாராவது பேசினாங்களா?”

“நான் பேசினேன்மா. வசதியையும் பாக்கணும்னேன். தலைவர் என்ன சொன்னாரு தெரியுமா? வசதி போதலன்னா கோச் கேட்டிருப்பாரே, இத்தனை வருஷத்துல வாயே திறக்கலையே, அப்ப எல்லாம் போதுமானதாத்தானே இருந்திருக்குன்னாரு. அதுக்கு மேல நான் என்ன பேசறது?”

அண்ணன் தன் நீல நகத்தைச் சுரண்டிக்கொண்டிருந்தார். இந்த மேசையில் தான் வாங்கின வாக்கு அவருக்கு நினைவுக்கு வந்ததா என்று அவள் பார்த்தாள். வந்திருந்தது. அதனால்தான் அவர் தலையை நிமிர்த்தவில்லை.

“பொருளை ஒப்படைக்கணுமா?” என்று கோச் கேட்டார்.

“அவசரம் ஒண்ணும் இல்ல... புதுசா வர்றவர் புதன்கிழமைலேர்ந்து வராரு.”

“இருக்கட்டும். இப்பவே எடுத்துட்டுப் போயிடுங்க. பார்த்துக்கிட்டே இருந்தா கஷ்டமா இருக்கும்.”

அவள் உள்ளே போய் ஜெர்சி மூட்டையைக் கொண்டுவந்தாள். முந்தின நாளே தேய்த்து அடுக்கியிருந்தாள். நம்பர் மேலே தெரிகிற மாதிரி மடிப்பு. கோச் பந்துகளைக் கொண்டுவந்தார். விசிலைக் கழுத்திலிருந்து கழற்றி ஜெர்சிகளின் மேல் வைத்தார். வீட்டுக்குள்ளும் அவர் விசிலைப் போட்டிருந்ததை அப்போதுதான் அவள் கவனித்தாள்.

அண்ணன் மூட்டையைத் தூக்கிக்கொண்டு பின்கட்டு வழியாகப் போனார். வண்டி அந்தப் பக்கம் நின்றிருந்தது. போகிறவர் சுவரோரம் நின்றார்.

“இதெல்லாம் யாரோடது?”

“பசங்களோடது. பிஞ்சதை ஒட்டறதுக்காக இங்க வச்சிருக்கேன். எடுத்துட்டுப் போகச் சொல்லணும்.”

அண்ணன் மூட்டையைக் கீழே வைத்துவிட்டுக் குனிந்து ஒன்றை எடுத்தார். பெரிய பூட்ஸ். அடியில் ட்யூப் ரப்பர், அதன் மேல் இன்னொரு ரப்பர். பூட்ஸின் நாக்கைத் திருப்பினார். உள்ளே மார்க்கரால் ஒன்பது என்று எழுதி, பக்கத்திலேயே பதினான்கு என்று எழுதியிருந்தது. அதை வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தார். அதிலும் இரண்டு நம்பர். அதற்கடுத்ததிலும்.

“ஒன்பது பேக்கரி,” என்றார். “பதினாலு?”

“தூண்” என்றாள் மகள் பின்னாலிருந்து.

அண்ணன் பூட்ஸைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார். ஆட்டத்தை முதலிலிருந்து திரும்பப் பார்க்கிற மாதிரி அவர் கண் எங்கோ நிலைத்திருந்தது. பெரியப்பா விழுந்தது, பேக்கரி வெளியே வந்தது, மோட்டார் ரூம். பிறகு கிளாம்பில் இறுகி நின்ற உதிரி ஜோடியைப் பார்த்தார்.

“மாப்ளே,” என்றார். குரல் இறங்கியிருந்தது. “அடப்பாவி மனுஷா. காலையில இதை ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் ரூமையே ரெண்டாக்கியிருப்பேனே. கையெழுத்துப் போட்டுட்டு வந்து நிக்கறேனே.”

“கேக்கக் கூடாதுன்னீங்க.”

“சொன்னேன். சொன்னேன்தான். அதுக்குன்னு...” கையிலிருந்த பூட்ஸைக் கீழே வைத்தார். “இனிமே திருப்ப முடியாது. புதுசா வர்றவருக்கு ஃபோன் போட்டுச் சொல்லியாச்சு.”

“திருப்ப வேணாம் மச்சான்.”

அவளுக்குத் தாங்கவில்லை. “அண்ணா, அந்த ஒரு ஜோடியும் என்னாலதான்...”

“நீ இரு” என்றார் கோச். அதட்டலாக இல்லை, சாப்பிட உட்கார்ந்தவளை எழுந்திருக்க வேண்டாம் என்பதுபோலச் சொன்னார்.

கூரையிலிருந்து ஒரு சொட்டு அண்ணனின் தோளில் விழுந்தது. அவர் துடைக்கவில்லை. கோச் கிளாம்பைத் தளர்த்தி உதிரி ஜோடியை வெளியே எடுத்தார். ஓரத்தை விரலால் அழுத்திப் பார்த்தார். ஒட்டியிருந்தது. அதைக் கொண்டுபோய் ஜெர்சி மூட்டையின் மேல், விசிலுக்குப் பக்கத்தில் வைத்தார். நிமிர்ந்தார். வாயைத் திறந்து, மூடி, மறுபடி திறந்தார். மச்சானிடம் எதையாவது கேட்கிற முகம் எப்படி இருக்கும் என்றே அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. மாப்பிள்ளையாக வந்த நாளிலிருந்து அந்த முகத்தை அவள் பார்த்ததில்லை.

“மச்சான்,” என்றார், “நான்தான் இப்ப கோச் இல்லையே. அதனால கேக்கறேன். பசங்களுக்கு ஆளுக்கு ஒரு ஜோடி பூட்ஸ் வாங்கிக் குடுங்க.”